கார்டு எண்ணை இரண்டு தடவை கேட்ட கடை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் போனில் சண்டை போட்டதை அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டாய். அப்பா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஈரமான செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதரிடம் போய் என்ன சொல்வது? உள்ளே வந்துவிட்டேன். பெற்ற பிள்ளை உன்னிடமாவது சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். படித்த பிறகு உன் நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. இதில் மறைக்க வேண்டியது எதுவும் இப்போது இல்லை.

சண்டைக்குக் காரணம் சோப்பு. உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, புக்கிட் ரம்பாயில் யாரோ ஒரு பெண் வீட்டிலேயே செய்து இணையத்தில் விற்கும் சோப்புகளை வாங்க நீயும் கவிதாவும் முடிவு செய்தீர்கள். அப்பா, "முகம் தெரியாத கடையில கார்டு நம்பரை அடிக்காதே. பெரிய கடையா பார்த்து வாங்கு" என்றார். "சின்ன கடைன்னா திருட்டுக் கடையாப்பா? நீங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க" என்றாய் நீ. இருவர் பேச்சிலும் பாதி சரி. ஆனால் அவர் அந்தக் காலத்தில் இல்லை, தம்பி. நீ கூச்சிங்கில் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தபோது இந்த வீட்டில் நடந்த ஒன்று அவர் மனதை விட்டுப் போகவில்லை. பரீட்சை நேரத்தில் உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நான்தான் அவரைச் சொல்லவிடாமல் தடுத்தேன். பிறகு சொல்வதற்கு ஒரு நேரம் வாய்க்கவே இல்லை.

என் நோயைப் பற்றி உனக்குத் தெரியும். மருந்து ஏற ஏற முடி கொட்டியதும் தெரியும். வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் ஒரு பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு சிரிப்பேன். "அழகா இருக்கும்மா" என்பாய். அதை வைத்து நான் தைரியமாக இருப்பதாக நினைத்திருப்பாய். உண்மையில் நான் வாசலுக்குக்கூட வருவதில்லை. நம் காஜா பெராங்கில் என்னைத் தெரியாதவர் யார்? பத்து பெரெண்டாம் தொழிற்சாலைப் பேருந்துக்காக எத்தனையோ வருடம் அதே சாலையோரம் நின்றவள் நான். கோயிலுக்கு, காய்கறி வாங்கப் பசாருக்கு, எல்லாவற்றுக்கும் அப்பாவைத்தான் அனுப்பினேன். யாராவது கேட்டால் எனக்கு முட்டி வலி என்று சொல்லச் சொல்லியிருந்தேன். கடையில் கிடைத்த தொப்பிகள் தலையைச் சுட்டன. அரிப்பு தாங்க முடியவில்லை. சிகிச்சைக்குப் போகும் வார்டின் அறிவிப்புப் பலகையில் ஒரு சின்ன விளம்பரச் சீட்டைக் குத்தி வைத்திருந்தார்கள். முடி கொட்டியவர்களுக்கென்று தைத்த பருத்தித் தொப்பிகள், கீழே ஓர் இணைய முகவரி. வீட்டை விட்டு வெளியே போகாமல், எந்தக் கடைக்காரர் முன்னும் தலையைக் காட்டாமல் வாங்கலாம். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அன்று மதியம் அப்பா தூங்கும்போது ஆர்டர் செய்தேன். கார்டு எண்ணை அடித்தேன், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று எண்கள் எல்லாம் அடித்தேன். சிவப்பு எழுத்தில், ஏதோ தவறு, மீண்டும் முயற்சி செய்யவும் என்று வந்தது. அடுத்து வேறொரு பக்கம் திறந்தது. அதில் வங்கியின் சின்னம் இருந்தது. அதுவும் எண்ணைக் கேட்டது. மறுபடி அடித்தேன். வங்கி கைப்பேசிக்கு அனுப்பிய ரகசிய எண்ணையும் போட்டேன். வேலை முடிந்தது. மருந்தினால் அப்போது என் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தானைப் போடக்கூடச் சிரமம். முதல் தடவை நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று என் விரல்களையே திட்டிக்கொண்டேன்.

தொப்பி வந்தது. என்ன சொல்வேன், தம்பி! துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணிபோல இருந்தது. தையலை உள்பக்கம் விடாமல் வெளிப்பக்கம் வைத்துத் தைத்திருந்தார்கள், தோலில் உரசக்கூடாது என்று. அனுப்பியவர் முகவரியைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. காஜா பெராங்! நம் வீட்டிலிருந்து நாலைந்து சந்து தள்ளி. காஜா பெராங் ஆட்களுக்குத் தெரியக்கூடாது என்று நான் இணையத்தில் வாங்கினால், அனுப்பியவரே காஜா பெராங் ஆள். பெயர் பார்வதி என்றிருந்தது. அந்த உறையை அப்பா கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். கைப்பேசி விடாமல் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் குறுஞ்செய்திகள். நான் கேள்விப்பட்டே இராத கடைகள், எந்த நாட்டுப் பணம் என்றே தெரியாத குறிகள். என் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் தங்கிக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுக்க என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. நான் எழுந்து உட்கார்ந்து, "ஏங்க" என்று மட்டும்தான் கூப்பிட்டேன். அப்பா வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். என் பையிலிருந்து கார்டை எடுத்துத் திருப்பி, அதன் பின்னால் அச்சடித்திருந்த வங்கி எண்ணுக்கு அடித்து, கார்டை முடக்கச் சொன்னார். உனக்கு எப்போதாவது இப்படி நடந்தால் நீ முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். யார் எடுத்தது, எப்படி எடுத்தார்கள் என்பதெல்லாம் பிறகு. வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது முதலில் குழாயைத்தான் மூடுவோம்.

வங்கியில் பேசியவர், அண்மையில் இணையத்தில் எங்கே இந்தக் கார்டைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒரே ஓர் இடம்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையிலிருந்த தொப்பியைத் தொட்டுக் காட்டினேன்.

போனை வைத்ததும் ஆரம்பித்தார். "அந்தத் தொப்பிக்காரிதான். வேற யாரு? பொலிஸ்ல பேரைக் கொடுத்துட்டு வந்துடுறேன்."

"போய்க் கேட்டுட்டு அப்புறம் கொடுங்க."

"திருடுனவகிட்டயே போய்த் திருடுனியான்னு கேப்பியா நீ?"

"திருடுற ஆளு தையலை வெளிப்பக்கம் வச்சித் தைக்க மாட்டாங்க."

"உனக்கு விளங்கலைலா! இது உன் சிகிச்சைக்கு வச்ச காசு!" கத்திவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னை மருத்துவமனையில் சேர்த்த அன்றுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் அவங்க வீடு. அங்க கொஞ்சம் நிறுத்துங்க. நானும் வர்றேன்."

"நீ வெளிய வர்றியா?" என்றார். சண்டையையே மறந்துவிட்டார்.

பார்வதி அக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். உனக்குத் தெரியும், அவர்களும் நம்மைப் போல் கோயிலுக்குப் போகிறவர்கள், பெயரும் நம் பெயர்தான்; பேசுவது மட்டும் மலாய். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் திருவிழாக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டதோடு சரி. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே தையல் இயந்திரச் சத்தம். பூப்போட்ட பாத்திக் சாரோங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். "அது நான் தைத்தது" என்றார் மலாயில். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அப்பா சொல்ல வந்ததை ஒரு கணம் விழுங்கினார். பிறகு சொல்லியே விட்டார், கொஞ்சமும் இனிப்புத் தடவாமல்.

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். "நானா? நான் யாருடைய கார்டு எண்ணையும் பார்த்ததே இல்லையே" என்றார். அப்போது எனக்கு அந்த மதியம் ஞாபகம் வந்தது. "அக்கா, உங்க கடை ஏன் எண்ணை இரண்டு தடவை கேட்குது?" என்றேன் மலாயில்.

"டுவா காலி?" என்றார். இரண்டு தடவையா என்று அவர் கேட்ட குரலிலேயே பதில் இருந்தது. "என் கடை ஒரு தடவைகூட எண் கேட்காது. நேரே வங்கியின் பக்கத்துக்குத்தான் போகும். அப்படித்தான் செய்து கொடுத்தார்கள்."

மூவரும் அவருடைய பழைய கணினி முன்னால் உட்கார்ந்தோம். தன் கடையிலேயே ஒரு தொப்பி வாங்குவதுபோல் அவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். அந்தப் பெட்டி வந்தது. கார்டு எண், தேதி, மூன்று எண்கள். வங்கியின் பக்கத்தில் அல்ல. அவருடைய கடையின் பக்கத்திலேயே, அவர் தேர்ந்தெடுத்த இளநீல நிறத்திலேயே. பார்வதி அக்கா விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார். தன் வீட்டில் தான் வைக்காத ஒரு கதவைப் பார்க்கிறவர்போல. கடையைக் கட்டிக் கொடுத்த பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். அதன் பிறகு அதை யாரும் பராமரிக்கவில்லை. அப்படிக் கவனிக்காமல் விட்டதில் விழுந்த ஓட்டை வழியாக எவனோ நுழைந்து இந்தப் பெட்டியைச் செருகிவிட்டான் என்பது பின்னர் அதைச் சரிசெய்தவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கடைக்காரர் தன் கடையில் வாடிக்கையாளராக நுழைந்து பார்த்ததே இல்லை. அவ்வளவுதான் அவர் செய்த தவறு.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உஜோங் பாசிரில் இருந்த தன் தங்கைக்காகத்தான் முதல் தொப்பியைத் தைத்தாராம். தங்கை இப்போது இல்லை. "அடிக்," என்றார் என்னிடம்; மலாயில் தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இந்த நிமிஷமே கடையை மூடிவிடுகிறேன். உங்கள் பணத்தை எப்படியாவது நான் தருகிறேன். ஆனால் வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம். என்னைத் திருடி என்பார்கள். நோயாளிகளிடம் திருடியவள் என்பார்கள்."

பொலிஸில் அவர் பெயரைக் கொடுக்கத் துடித்த அப்பா, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். எனக்கும் அந்த அம்மாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. சரி, விட்டுவிடுவோம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எண்ணை அடித்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்கள். மரத்துப்போன விரலால் அடித்துவிட்டு, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பவர்கள். "அக்கா, அவங்க பணமும் மருந்துக்கு வச்ச பணமாத்தான் இருக்கும். நீங்க பேச வேணாம். நான் பேசுறேன். நானும் நோயாளின்னு சொன்னா கேப்பாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தொப்பி வாங்கியவர்களின் போன் எண்கள் இருந்த பட்டியலைக் கணினியில் திறந்தார். அப்பா, "நான் ஸ்டேஷன் போய் ரிப்போர்ட் போட்டுட்டு வர்றேன். கடைக்குள்ள எவனோ பூந்திருக்கான்னே எழுதச் சொல்றேன். நீங்க போன் பண்ணுங்க" என்று கிளம்பினார்.

நோயாளி என்றால் கேட்பார்கள் என்று நினைத்தேன் அல்லவா? முதல் அம்மா, "இப்படித்தான் போன் பண்ணி ஏமாத்துறீங்க" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் பொலிஸுக்குச் சொல்வேன் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்தது சரிதானே? உங்கள் கார்டுக்கு ஆபத்து என்று சொல்லிக்கொண்டு கூப்பிடுகிற யாரோ ஒரு குரலை எதற்கு நம்ப வேண்டும்? அதன் பிறகு பேச்சை மாற்றினேன். "என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. பேரு, நம்பர் எதுவும் வேணாம். என்னையும் நம்ப வேணாம். உங்க கார்டைத் திருப்பி, பின்னால இருக்கிற நம்பருக்கு நீங்களே பேசுங்க." இப்படிச் சொன்னதும் கேட்டார்கள். தமிழில், மலாயில், எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் அன்று மாலை முழுக்க இதையேதான் சொன்னேன். யாராவது உன்னைக் கூப்பிட்டு வங்கி என்றாலும், கடை என்றாலும், இதே சோதனையை வை, தம்பி. உண்மையானவர் உன்னிடம் ஒன்றும் கேட்காமலே உதவி செய்ய முடியும்.

ஒரு வீட்டில் கணவர் எடுத்தார். மனைவி இறந்துவிட்டாராம். கார்டு அவருடைய கைப்பையிலேயே இருக்கிறது, அந்தப் பையை இன்னும் திறக்கவில்லை என்றார். பிறகு அவரே, "அரிக்காத தொப்பி அது ஒன்னுதான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கடசி வரைக்கும் அதைத்தான் போட்டிருந்தா. தச்சவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தோம். அவர் தமிழில் சொன்னதை அக்காவுக்கு மலாயில் சொன்னேன். அவர் சத்தமில்லாமல் அழுதார். அடுத்து எடுத்தது குருபோங்கிலிருந்து ஒரு பெண். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று கத்தினாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். நான் பதில் சொல்லுமுன் பார்வதி அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். "கடைக்காரி நான்தான் பேசுகிறேன். என் கடையில்தான் நடந்தது. மன்னிக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு மீதி எல்லாருக்கும் அவரே பேசினார். என்னைப் பேசவிடவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது நான் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். புழுக்கமாக இருந்தது, எப்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன் என்று எனக்கே தெரியாது. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வங்கி விசாரித்து எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆனால் உடனே அல்ல. நடுவில் உன் மாமா உதவியதால் என் சிகிச்சை தள்ளிப்போகவில்லை. எல்லாருக்கும் பணம் கிடைத்ததா என்றால், இல்லை. தாமதமாகப் பார்த்தவர்களில் சிலர் மாதக்கணக்கில் அலைந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்வதி அக்காவும் தானாகவே போய் ரிப்போர்ட் கொடுத்தார். கடையை மூடிவிட்டார். வெகுநாள் கழித்து, விவரம் தெரிந்த ஒருவரை வைத்துப் புதிதாகக் கட்டித் திறந்தார். இப்போதெல்லாம் அவரே அடிக்கடி வாங்குகிறவர்போல உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

ஆக, அப்பா போனில் கத்தியது அந்த சோப்புக்காரப் பெண்ணை நினைத்து அல்ல. கார்டு, கடை என்ற இரண்டு வார்த்தைகள் சேர்ந்து வந்தால் அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்த அந்த மதியம் வந்துவிடுகிறது. அன்று அவர் பயந்தது பணம் போய்விடும் என்று அல்ல. நான் போய்விடுவேன் என்று. அதைச் சொல்லத் தெரியாமல்தான் பெரிய கடையில் வாங்கு என்கிறார். பெரிய கடையிலும் திருட்டு நடக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

நீ இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது கணினி விளையாட்டின் கடவுச்சொல்லை உன் உயிர்நண்பனிடம் கொடுத்தாயே, ஞாபகமிருக்கிறதா? அவன் அண்ணன் அதை எடுத்து விளையாடி எல்லாவற்றையும் தொலைத்தான். நீ சாப்பிடாமல் அழுதாய். அந்த நண்பனோடு பேசுவதையே விட்டாய். அவன் கெட்டவன் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். நல்லவர்கள் கையிலிருந்தும் பொருள் களவு போகும். அதனால் ஒருவரை நம்புவது வேறு, அவரிடம் சாவியைக் கொடுத்து வைப்பது வேறு. சின்னக் கடைக்காரரைத் தாராளமாக நம்பு. பணம் கொடுக்கும்போது மட்டும் அவர் கையில் உன் எண் தங்காமல் பார்த்துக்கொள். வங்கியிலிருந்து நேரே அவர் கணக்குக்கு அனுப்ப முடிந்தால் அனுப்பு, அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு. கார்டுதான் வேண்டுமென்றால், இணையத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் அதில் போடு. சம்பளக் கணக்கின் கார்டைத் தொடாதே. அடுத்த முறைக்கு எண்ணைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்டால், அடுத்த முறையும் நானே அடிக்கிறேன் என்று விட்டுவிடு. கார்டைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதே, எனக்கும்கூட. பணம் போனால் உடனே செய்தி வரும்படி வைத்துக்கொள். எண்ணை அடித்த பிறகு, தவறு, மறுபடி அடி என்று கேட்டால் உன் விரலைச் சந்தேகப்படாதே. அந்தப் பக்கத்தைச் சந்தேகப்படு. அங்கேயே நிறுத்திவிட்டு, கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேள். கேட்கும்போது மரியாதையாகக் கேள், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். கவிதாவிடமும் இதையெல்லாம் சொல், ஆனால் பாடம் நடத்துகிற மாதிரி வேண்டாம். நான் இப்போது நடத்திக்கொண்டிருப்பதுபோல.

சோப்பை அந்த புக்கிட் ரம்பாய்ப் பெண்ணிடமே வாங்குங்கள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இன்று ஒரு போன் மட்டும் செய்துவிடு. சோப்பைப் பற்றி வேண்டாம், செடிகளைப் பற்றி ஏதாவது கேள்.

கல்யாண அழைப்புப் பட்டியலில் நான் சேர்த்த பெயர்களில் ஒன்றைக் காட்டி, இது யாரும்மா என்று நீ கேட்டாய். பிறகு சொல்கிறேன் என்றேன். மண்டபத்துக்குச் சாரோங்கின் மேல் கெபாயாச் சட்டை உடுத்தி, கொண்டையில் பூச்சரம் சுற்றி ஓர் அம்மா வருவார். உன்னிடம் மலாயில்தான் பேசுவார். அவரைப் பின்வரிசையில் உட்கார விடாதே, தம்பி. கையைப் பிடித்துக் கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வை. நீயும் கவிதாவும் விழுந்து கும்பிடும்போது, எனக்கும் அப்பாவுக்கும் அடுத்து அவருக்கு.

உன் வரவை எதிர்பார்த்துச் சோறு வைத்துக்கொண்டிருக்கும்
அம்மா